மல்லிகாவை அந்தப் பள்ளியில் சேர்த்துவிட்டேன்

செல்வி, என் உயிரே,

நீ காய்ச்சலில் போனதிலிருந்து நம் மல்லிகா வாய் திறக்கவே இல்லை. பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக அழைத்துக்கொண்டு அலைந்தேன். பெயர் கேட்டார்கள், படத்தைக் காட்டி என்ன நிறம் என்று கேட்டார்கள். தரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அடுத்த வருஷம் பாக்கலாம்" என்று அனுப்பிவிட்டார்கள்.

இதே பெங்களூரில், ரிச்சர்ட்ஸ் டவுனில், எஸ்.டி.டி. பூத்தை ஒட்டிய சந்தில் ஒரு பழைய ஓட்டு வீடு. அதில் ஒரு சின்னக் கிறிஸ்தவப் பள்ளி நடக்கிறது. அண்ணனுக்குப் பிடிக்கவில்லை. "நம்ம சாமி வேற, அவங்க சாமி வேற. புள்ள மாறிடும்டா" என்றார். சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் போனேன்.

காலை ஜெபம் நடந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் பாட ஆரம்பித்ததும் வாசலிலேயே நின்றுவிட்டேன். மல்லிகாவுக்குத் தலை பின்னும்போது நீ வாய்க்குள்ளேயே முனகுவாயே, அதே மெட்டு. என்ன பாட்டு என்று கேட்டால், "தெரியாதுங்க, எங்கயோ கேட்டது" என்பாய்.

மல்லிகா என் கையை விட்டுவிட்டுப் போய் வரிசையில் நின்றாள். பாடினாள். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் இவள் ஒருத்தி மட்டும் பாடிக்கொண்டே இருந்தாள்.

பெரிய மிஸ் என்னிடம் வந்தார். "எந்தச் சபைக்குப் போறீங்க?"

"மாரியம்மன் கோயிலுக்குத்தான் மிஸ் போவோம்."

அவர் மல்லிகாவைத் திரும்பிப் பார்த்தார். "இவ தனியா பாடின அந்தக் கடைசிச் சரணத்த நாங்க பாடறதே இல்ல. எங்க புள்ளைங்களுக்கே தெரியாது."

குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். வழியில், "யாரும்மா சொல்லிக்கொடுத்தாங்க?" என்று கேட்டேன்.

"அம்மாதான். தெனமும் தல பின்றப்போ."

இத்தனை மாதமாக அவளுக்குத் தலை பின்னுகிறவன் நான்தானே, செல்வி?

பூசாரியை அழைத்து மந்திரிக்கலாம் என்றார் அண்ணன். நான் ஒப்பவில்லை. பேச்சு வந்த இடத்தை விட்டுவிட்டு அவளை வேறெங்கே கொண்டுபோவேன்? மறுவாரமே அங்கே சேர்த்துவிட்டேன்.

இப்போது ஓயாமல் பேசுகிறாள். பக்கத்து வீட்டுப் பெண்ணோடு கன்னடத்தில் சண்டை போடுகிறாள். ஆனால் சாப்பாட்டு நேரத்தில் பள்ளி கேட் அருகே போய் நின்று சிரிக்கிறாளாம். தெருவில் யாரும் இருப்பதில்லை என்கிறார் மிஸ்.

அது நீயா? நீயென்றால் வந்து பார்த்துவிட்டுப் போ. எந்தப் பூசாரியையும் வாசலேற விடமாட்டேன், அவளை வேறு பள்ளிக்கும் மாற்றமாட்டேன். இது சத்தியம். ஆனால் அவள் கையை மட்டும் பிடித்துவிடாதே. அவள் இன்னும் கொஞ்ச காலம் என்னோடு இருக்கட்டும்.

உன் மல்லிகாவின் அப்பா