பால்சுறாக் கருவாடு

அஸ்ஸலாமு அலைக்கும் உம்மா,

காத்தான்குடியிலிருந்து நீங்கள் அனுப்பிய பால்சுறாக் கருவாடு நேற்று லண்டன் வந்து சேர்ந்தது. ஏழு தாளில் சுற்றியிருக்கிறீர்கள். அப்படியும் மணக்கிறது.

தொலைபேசியில் நீங்கள், "பால் ஊறுதா மகள்? புள்ளட காதுல பாங்கு சொல்லியாச்சா?" என்று கேட்கும்போதெல்லாம், "ஓம் உம்மா, புள்ள நித்திரை" என்றுதான் சொன்னேன். வாயால் சொல்ல முடியாததால் எழுதுகிறேன்.

இவர் பாங்கு சொல்லவில்லை. பிள்ளை மூச்சில்லாமல்தான் பிறந்தான். தாதி துணியில் சுற்றித் தந்தாள். ஒரு மணி நேரம் மடியில் வைத்திருந்தேன். உங்களுடைய மூக்கு, உம்மா.

கருவாட்டை நான் ஆக்கவில்லை. அது இல்லாமலே பால் என் சட்டையை நனைக்கிறது. பால் ஊற என்ன ஆக்க வேண்டுமென்று தெரிந்த உங்களுக்கு, வற்றுவதற்கும் ஏதாவது தெரிந்திருக்கும். அதை எழுதுங்கள்.

உங்கள் மகள்