ரோசம்மாளுக்குச் சொன்ன முப்பது லிட்டர்

ஏரியூர்,
வியாழக்கிழமை

அன்புள்ள ஜோவுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் காவலில் நீ புனேவில் வேலைக்கும் படிப்புக்கும் நடுவே வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே எனக்கும் அப்பாவுக்கும் உடம்பில் குறை ஒன்றும் இல்லை, மனசில்தான்.

போன வாரம் போனில் கேட்டாய், நேரிய சமன்பாடு, சார்பு, நேர் மாறல் மூன்றும் ஒன்றுபோலவே இருக்கிறதே, எது எதற்குள் அடங்கும் என்று. சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது, எனக்குத்தான் வாய் வரவில்லை. நம் பக்கத்து வீட்டு ரோசம்மாளின் பட்டுப்புழு மொத்தமும் அன்றைக்குத்தான் செத்தது. நாலாம் தோல் உரித்து நன்றாக இலை தின்றுகொண்டிருந்த புழுக்கள், பால் நோய் வந்து ஊதி வெடித்துவிட்டன. அவளும் அவள் புருஷன் இன்னாசியும் குழி வெட்டிக் கூடை கூடையாகக் கொட்டினார்கள், நானும் ஒரு கூடை தூக்கினேன்.

புதுப் புழு விடுமுன், நோய் வராதிருக்க, புழு வளர்க்கும் செட்டுக்குப் பிளீச்சிங் கரைசல் எவ்வளவு அடிக்க வேண்டும் என்று என்னைத்தான் கேட்டாள், கணக்கில் பட்டம் வாங்கியவள் என்று. நமக்கு இருநூறு முட்டைத் தொகுதிக்கு அறுபது லிட்டர், அவளுக்கு நூறுதான், ஆகவே முப்பது என்றேன். பாதிக்குப் பாதி, அது நேர் மாறல். ஆனால் அவள் செட்டும் நம் செட்டும் ஒரே அளவு. புழு இறந்தபின் பட்டு ஆபீசில் கொடுத்த தாளை எடுத்துப் பார்த்தேன். சுவர், தரை, கூரைக்கு மட்டும் நாற்பது லிட்டர், அதற்குமேல் நூறு தொகுதியின் தட்டுகளுக்குப் பத்து லிட்டர். அவளுக்கு ஐம்பது வேண்டும். முப்பதில் தட்டுகளுக்குப் பத்து போனால் பாதிச் சுவர்தான் நனைந்திருக்கும், போன முறை நோய் வந்த செட்டு அது.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். ஒரு x கொடுத்தால் ஒரே ஒரு y கிடைக்கும் விதி சார்பு. அந்த விதி y = mx + c என்ற நேரிய சமன்பாடாக இருந்தால் வரைபடம் நேர்கோடு. அதில் c பூஜ்யமாகி, கோடு ஆதிப்புள்ளி வழியாகப் போனால் மட்டுமே நேர் மாறல். எந்தக் கணக்கிலும் முதலில் x பூஜ்யம் என்று போட்டுப் பார். புழுவே இல்லாவிட்டாலும் செட்டுக்கு நாற்பது லிட்டர் வேண்டும், அந்த நாற்பதைத்தான் நான் மறந்தேன்.

இன்னாசி தெருவில் நின்று அவளைக் கைராசி கெட்டவள் என்கிறான். செட்டைப் பூட்டிவிட்டு வருகிற திங்கட்கிழமை அவளைப் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குக் கூட்டிப் போகிறானாம். தெருவில் யாரோ என் கணக்கைச் சந்தேகப்பட்டபோது அவள்தான், "அக்கா போட்ட கணக்கு தப்பாவாதுங்க, நாந்தான் எங்கியோ கை வுட்டுட்டன்" என்றாள். நான் பக்கத்தில்தான் நின்றேன், தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அப்பா, நோய் யார் செட்டுக்கும் வரும், நீயாகப் போய் எதற்குச் சொல்கிறாய் என்கிறார். வேறு காரணமும் இருக்கலாம்தான். ஆனால் முப்பது என்று சொன்னது நான்.

இதைத் தபாலில் போட்டுவிட்டு, அந்தத் தாளை எடுத்துக்கொண்டு அவர்கள் இருவரிடமும் போகிறேன். நாலு பேர் முன் பேச எனக்கு நாக்கு எழாது என்று உனக்குத் தெரியும். உன்னையும் உன் படிப்பையும் தேவதாய் காக்கட்டும். இரவு வேலையென்றால் வெறும் வயிற்றோடு போகாதே. ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது சாப்பிட்டாயா என்று நான் ஆரம்பிப்பேன், விடாதே, ரோசம்மாளிடம் சொன்னாயா என்று முதலில் கேள்.

உன் அம்மா,
ஆக்சிலியா