மேட்டு நிலையத்தின் ஒரே முகவரி

நாள் 1021, 07:10

உள்ளே 19 டிகிரி. வெளியே கழித்தல் 71. காற்று ஏறிக்கொண்டிருக்கிறது. டிஷ் ரூட்டர் ஓடுகிறது. கணவாயில் உள்ள எல்லை ரூட்டர் பதில் தருகிறது. காற்று இயந்திரமும் ஓடுகிறது, வழக்கம்போல ஊசிப்போன சாம்பார் வாடையோடு.

இந்தக் குறிப்பேடு எனக்குப் பின் இந்த நாற்காலியில் உட்காரப் போகிறவருக்கு. பெயர் கமருன்னிஸா என்று பணிப்பட்டியலில் பார்த்தேன். இன்று இறங்கும் கப்பலில் வருகிறார். நான் அருமைக்கனி. மூன்று வருடமாக இங்கே தனியாக இருக்கிறேன். செவ்வாயில் வேலை என்றால் ஊரில் வாயைப் பிளப்பார்கள். இந்த மூன்று பெட்டிகளும் உயிரோடு இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டிருப்பதுதான் வேலை. கீழே பள்ளத்தில் கொற்கைக் குடியிருப்பு, இருபத்திரண்டு கிலோமீட்டர். அங்கே இருநூறு பேர், கேன்டீன், துளசிச்செடி எல்லாம் உண்டு.

வாடை எங்கிருந்து வருகிறது என்று தேடாதீர்கள். ஈரம் உறிஞ்சும் பஞ்சு அழுகிவிட்டது. மாற்றுப் பஞ்சு கேட்டு இதுவரை 312 புகார் கொடுத்திருக்கிறேன். பஞ்சு வரவில்லை.

நாள் 1021, 09:35

கொற்கையின் பெரிய டிஷ்ஷைப் புயல் சாய்த்துவிட்டது. குரல் வானொலியில் இக்னேஷியஸ் கூப்பிட்டான். கொற்கையில் பகல் ஷிப்ட் ஆபரேட்டர், தூத்துக்குடிக்காரன், அங்கே இருப்பவர்களில் மனிதனாகப் பேசுகிற ஒரே ஆள்.

"கனியக்கா, எங்க டிஷ் போச்சு. கப்பல் மேல சுத்திக்கிட்டு இருக்கு. மூணு இறங்குகலம், அம்பத்திரண்டு பேரு. தூசில ஒண்ணும் தெரியாது, எங்க ரேடார் சொல்லச் சொல்லத்தான் எறங்கணும். இப்ப வெளிய பேச உங்க டிஷ் மட்டும்தான் இருக்கு. பாத்துச் செய்யுங்க."

நான் வாயால் படித்துச் சொல்கிற சங்கதி இல்லை இது. மூன்று ரேடார் கோபுரங்கள் நொடிக்கு ஆயிரம் எண்கள் அனுப்பும். நாற்பது நிமிடம் அறுபடாமல் போக வேண்டும். ஆகவே வலை வழியாகத்தான் போயாக வேண்டும். கப்பலை வெளிப்பாதையாக, அதாவது அதற்குப் போகும் வழி என் டிஷ்தான் என்று, என் ரூட்டரில் அறிவித்தேன். முதல் கலம் 14:30க்கு.

ஆபத்துக் காலத்தில் மேட்டு நிலையம் கைகொடுக்கும் என்று ஆண்டுதோறும் அறிக்கையில் எழுதுகிறார்கள். சோதித்துப் பார்த்ததாகக் கையெழுத்தும் இருக்கிறது. சோதிக்கவில்லை என்பதற்கு இங்கேயே உட்கார்ந்திருந்த நான் சாட்சி.

நாள் 1021, 11:20

வேலை செய்யவில்லை. கப்பல் பேசுவது கொற்கைக்குப் போகிறது. கொற்கை பேசுவது கப்பலுக்கு வரவில்லை.

நீங்கள் படித்ததுதான், ஆனாலும் எழுதிவைக்கிறேன். நம் வலை ஏரியா ஏரியாவாகப் பிரிந்திருக்கிறது. ஒவ்வொரு ரூட்டருக்கும் தன் ஏரியாவின் வரைபடம் முழுசாகத் தெரியும். பக்கத்து ஏரியாவைப் பற்றி நடுவில் நிற்கும் எல்லை ரூட்டர் சொன்னதுதான் வேதவாக்கு. என் ஏரியாவில் நானும் நாற்றமும்தான் இருக்கிறோம். கப்பல் பற்றிய அறிவிப்பை எல்லை ரூட்டர் வாங்கி, அங்கே செல்லும் வடிவத்துக்கு உருமாற்றி, கொற்கை ஏரியாவுக்குள் விட வேண்டும். அங்கேதான் விழுங்கிவிட்டது என்று நினைத்தேன். எல்லை ரூட்டரை இங்கிருந்து படிக்க மட்டும் முடியும், தொட முடியாது. படித்தேன். உருமாற்றம் ஒழுங்காக நடக்கிறது.

இக்னேஷியஸிடம் அவன் பக்கத்துப் பட்டியலைப் படிக்கச் சொன்னேன்.

"உங்க அறிவிப்பு வந்து கெடக்குக்கா. கண்ணால பாக்கேன். ஆனா ரூட்டர் எடுத்துக்க மாட்டேங்குது."

அறிவிப்பு வந்துவிட்டது, பாதை மட்டும் ஏறவில்லை. ரூட்டர் நம்ப மறுக்கிறது.

நாள் 1021, 12:50

கண்டுபிடித்துவிட்டேன்.

வெளிப்பாதை அறிவிப்புக்குள் ஒரு வரி உண்டு: கப்பலுக்குப் போக வேண்டியதை இந்த முகவரியில் ஒப்படைக்கவும். அது என் டிஷ் ரூட்டரின் முகவரி. அந்த முகவரிக்கு வழி தெரிந்தால்தான் கொற்கை ரூட்டர் அறிவிப்பை ஏற்கும். வழி தெரியவில்லை. கல்யாணப் பத்திரிகை வந்துவிட்டது, மண்டபம் இருக்கிற தெருவை மட்டும் வரைபடத்திலிருந்து அழித்துவிட்டார்கள்.

அழித்தது யார் என்பது எல்லை ரூட்டரிலேயே இருக்கிறது. பதினான்கு மாதத்துக்கு முன் ஒரு வடிகட்டி போட்டிருக்கிறார்கள். மேட்டு நிலைய முகவரிகள் எதையும் கொற்கைக்குச் சொல்லாதே என்பது அதன் உத்தரவு. மேலே குறிப்பு எழுதியவர் கொற்கை நிர்வாகி வேதமாணிக்கம். அதை அப்படியே தருகிறேன்: "மேட்டு நிலையத் தொல்லை. விருந்தினர் வருகை நாளுக்கு மட்டும்."

அந்த வருகை நினைவிருக்கிறது. பூமியிலிருந்து நான்கு பெரிய மனிதர்கள் வந்து கட்டுப்பாட்டு அறையில் படம் எடுத்துக்கொண்டார்கள். அந்த அறையில் ஒரு பலகை உண்டு. ஒவ்வொரு முகவரியையும் கேள்வி கேட்கும். பதில் வந்தால் பச்சை, கோளாறு என்றால் சிவப்பு. முகவரியே தெரியாவிட்டால் கேள்வியும் கிடையாது, சிவப்பும் கிடையாது. படம் அழகாக வந்திருக்கும். வடிகட்டியை எடுக்க யாருக்கும் நினைவு வரவில்லை. தற்காலிகம் என்று எழுதியது எதையும் இவர்கள் எடுத்ததாகச் சரித்திரமே இல்லை.

என் பங்கையும் எழுதிவிடுகிறேன். வாடை உணரியின் எச்சரிக்கை வரம்பைக் குறைத்து வைத்தது நான்தான். பலகையில் எந்நேரமும் சிவப்பு எரியட்டும், அவர்கள் கண் எரியட்டும் என்று செய்தேன். உணரி, விளக்கு, கதவு என்று பதினொரு சிவப்பு எரிய வைத்தேன். பஞ்சு கேட்டுப் புலி வருது புலி வருது என்று கத்தியிருக்கிறேன். என்னை நினைத்தாலும் அருவருப்பாகத்தான் இருக்கிறது.

வடிகட்டியை இப்போதே எடுக்க முடியாது. புயல் எச்சரிக்கை வந்ததும் எல்லை ரூட்டருக்குப் பூட்டு விழுந்துவிடும். புயல் நேரத்தில் யாரும் கைவைத்துக் கெடுத்துவிடக் கூடாதாம். பூட்டைத் திறக்கச் சுற்றுப்பாதை அலுவலகம் ஒப்புதல் தர வேண்டும். அதைக் கேட்கக் கொற்கையின் டிஷ் வேண்டும். டிஷ் விழுந்து கிடக்கிறது. குரல் வானொலியோ கொற்கையைத் தாண்டாது. கப்பல் வழியாகக் கேட்டேன். அலுவலகம் இப்போது கோளுக்கு அந்தப் பக்கம் இருக்கிறதாம், ஆறு மணி நேரம் கழித்து முயற்சி செய்கிறார்களாம்.

நாள் 1021, 13:25

வடிகட்டி ஒரே ஒரு முகவரியை மட்டும் விட்டுவைத்திருக்கிறது. காற்று இயந்திரத்தின் முகவரி. ஆள் இருக்கும் நிலையத்தின் காற்றைக் கண்காணிக்காமல் விடக்கூடாது என்று சட்டம். வேதமாணிக்கம் சட்டத்துக்குப் பயந்தவர்.

அந்த முகவரியை இயந்திரத்திலிருந்து பிடுங்கி டிஷ் ரூட்டருக்குக் கொடுத்தால், அறிவிப்பில் அதுவே ஒப்படைக்கும் முகவரியாகப் போகும். கொற்கைக்கு அந்த முகவரிக்கு வழி தெரியும். பாதை ஏறும்.

ஆனால் காற்று இயந்திரத்துக்குப் பத்து நிமிடம் பலகையின் கேள்வி வராவிட்டால் அது தானாக நின்றுவிடும். எங்கோ ஒரு சுரங்கத்தில் இப்படி ஓர் இயந்திரம் யாரும் பார்க்காமல் ஓடி எரிந்ததாம். அதன் பின் போட்ட விதி. நின்றதைக் கொற்கையின் உத்தரவு இல்லாமல் கிளப்ப முடியாது. கேள்வியை மட்டும் இயந்திரத்துக்குத் திருப்பிவிடப் பார்த்தேன். கேள்வியில் உள்ள முத்திரை சரியில்லை என்று இயந்திரம் துப்பிவிட்டது. சூடும் அதிலிருந்துதான் வருகிறது.

மூன்று கலமும் ஐந்து மணிக்குள் இறங்கிவிடும். மூன்று மணி நேரம் குளிரில் இருப்பேன். அதற்குப் பின் முகவரியைத் திருப்பிக் கொடுத்து இயந்திரத்தைக் கிளப்பச் சொல்லலாம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது.

நாள் 1021, 14:14

14:02க்கு மாற்றினேன். அரை நிமிடத்தில் இக்னேஷியஸ்: "ஏறிட்டுக்கா. பாதை ஏறிட்டு. கப்பல் பேசுதான். நீங்க நல்லா இருக்கணும்."

14:12க்கு இயந்திரம் நின்றது. விசிறிச் சத்தம் அடங்கியதும் காது அடைத்ததுபோல் இருந்தது. பிறகு வாடை மெல்லப் போய்விட்டது. மூன்று வருடத்தில் முதல் தடவையாக இந்த அறை நாறவில்லை.

நாள் 1021, 17:05

முதல் இரண்டு கலமும் இறங்கின. முப்பத்தைந்து பேர் பத்திரம். மூன்றாவதை நிறுத்திவிட்டார்கள், தரையில் காற்று அதிகம். கப்பலுக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு சுற்று. காற்று தணிகிற முதல் சுற்றில் இறக்குவார்கள், இருபது நிமிட முன்னறிவிப்புதான். பதினேழு பேர். பட்டியலைக் கேட்டேன். கமருன்னிஸா, நீங்கள் அதில்தான் இருக்கிறீர்கள்.

உள்ளே 4 டிகிரி. இயந்திரத்தைக் கிளப்பும் உத்தரவு அனுப்பச் சொன்னேன்.

"அக்கா, பலகையில பச்சையால்லா இருக்கு. ஓடுற மிஷினுக்கு ஸ்டார்ட் உத்தரவு போகாதுக்கா, சிஸ்டம் தள்ளிருது."

அப்போதுதான் உறைத்தது. பலகை முகவரியைத்தான் கேட்கிறது. அந்த முகவரியில் இப்போது டிஷ் ரூட்டர் இருக்கிறது. நலமா என்றால் நலம் என்கிறது. செத்த இயந்திரத்துக்காக அது பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது.

விளக்கிச் சொன்னேன். இக்னேஷியஸுக்குப் புரிந்தது. நிர்வாகியிடம் ஓடினான். திரும்பி வந்து சொன்னது இது: "நம்ப மாட்டேங்காருக்கா. 'முந்நூத்திப் பதிமூணாவது புகாரா, பச்சை எரியுதுல்லா'ன்னு கேக்காரு. நான் சண்டை போட்டுட்டேன். என்னைய ஷிப்டுல இருந்து எறக்கிட்டாக. நீங்க முகவரியத் திருப்பிக் குடுத்துருங்க. செவப்பு எரிஞ்சா மறுக்க முடியாது."

கொடுக்கலாம். சிவப்பு எரியும், உத்தரவு வரும். ஆனால் இயந்திரம் நின்று கிளம்பினால் ஆறு மணி நேரம் தன்னைத்தானே சோதிக்கும்; அதுவரை முகவரியை விடாது. அந்த ஆறு மணி நேரத்தில் மூன்று சுற்று. அதில் ஒன்றில் காற்று தணிந்தால் பதினேழு பேர் குருடாக இறங்க வேண்டும், அல்லது அந்தச் சுற்றை விட வேண்டும். கலத்தில் நாளை நண்பகல் வரைதான் எரிபொருள்.

வேதமாணிக்கத்தை நினைத்தால் வாயில் கசப்பு ஊறுகிறது. கடவுள் வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே பூசாரிக்குப் பச்சை விளக்கே கடவுள்.

நாள் 1022, 06:40

உள்ளே கழித்தல் 31. போட்டிருக்கும் விண்வெளி உடையின் எட்டு மணி நேரக் காற்று தீர்ந்துவிட்டது, ஹெல்மெட்டைக் கழற்றி அறைக் காற்றைச் சுவாசிக்கிறேன். தலை பிளக்கிறது. குரல் வானொலி பாட்டரி உறைந்து செத்தது; கப்பலோடு பேசும் மைக்கும் அதே பாட்டரிதான். சுற்றுப்பாதை அலுவலகத்தின் ஒப்புதல் வந்ததா தெரியாது, வந்தாலும் எனக்குச் சொல்ல வழி இல்லை. டிஷ் ரூட்டருக்குத் தனி மின்கலம், அது ஜம்மென்று ஓடுகிறது. அதன் மேல் கையை வைத்துச் சூடு காய்கிறேன்.

கலம் இன்னும் இறங்கவில்லை. இறங்கினால் டிஷ் ரூட்டர் திரையில் உள்ள கணக்கி சொல்லும். கொற்கையிலிருந்து கப்பலுக்குப் போகும் தகவல் பொதிகளின் எண்ணிக்கை அதில் ஓடும்.

பயமாக இருக்கிறது. அதை எழுத வெட்கமில்லை.

நாள் 1022, 08:52

கணக்கி ஓடுகிறது. நொடிக்கு ஆயிரம். இறங்குகிறீர்கள்.

முகவரியைத் திருப்பித் தரும் கட்டளையை இப்போதே அடித்து வைத்துவிட்டேன். ஒரே வரி. என்டர் மட்டும் பாக்கி. விரல் அப்போது வேலை செய்யாவிட்டால் மூக்கால் தட்டலாம்.

09:1

இன்னும் ஓடுது. அறுபடக் கூடாது. நான் தொடலை

கமருன்னிஸா, வந்ததும் பஞ்சை முதல்ல மாத்துங்க. புகார் எழுதாதீங்க. ஆளோட போய் நில்லுங்க. பச்சைய நம்பாதீங்க

09:2

ஓடுது

கொஞ்சம் கண்ண மூடிட்டு, கணக்கி நின்னதும்

நாள் 1022, 09:33 (தானியங்கிப் பதிவு, டிஷ் ரூட்டர்)

கொற்கை–கப்பல் போக்குவரத்து முடிந்தது. கால அளவு: 41 நிமிடம். இழந்த பொதிகள்: 0. கலத்தின் நிலை: தரையில்.

நாள் 1022, 10:03 (தானியங்கிப் பதிவு, டிஷ் ரூட்டர்)

போக்குவரத்து முடிந்து 30 நிமிடமாகியும் கன்சோலில் அடிக்கப்பட்ட ஒரு வரி அனுப்பப்படவில்லை. வரி அழிக்கப்பட்டது. கன்சோல் மூடப்பட்டது.

நாள் 1022, 11:00 (தானியங்கிப் பதிவு, கொற்கைப் பலகை)

மேட்டு நிலையம், காற்று இயந்திரம்: பதில் உண்டு. நிலை: பச்சை.

இன்று மேட்டு நிலையத்திலிருந்து வந்த புகார்கள்: 0.