அவருடைய காருக்குப் புது பெட்டரி

ஒக். 14, செவ்வாய்

மழை. துணி காயவில்லை. ஹைபிரிட் கார் இன்றும் செத்துக் கிடக்கிறது. ஓடுவதற்கான பெரிய பெட்டரி நிறைய இருக்கிறது. அதை எழுப்பிவிடுகிற சின்னது காலி.

பாரிசவாதம் வந்ததிலிருந்து அவர் தினமும் ஷெட்டில் காருக்குள் உட்கார்ந்து ரேடியோ கேட்கிறார். பிரேக்கை மிதித்துக்கொண்டு பொத்தானை அழுத்தினால்தான் கார் ஸ்டார்ட் ஆகும், பெரியது சின்னதுக்குச் சார்ஜ் கொடுக்கும். மிதிக்காவிட்டால் ரேடியோ மட்டும். சின்னது வடிந்துகொண்டே போகும். அவருக்கு வலது கால் மிதிக்க வருவதில்லை.

"பெட்டரி வீக், வசந்தி. அதான் ஸ்டார்ட் ஆகுதில்ல. புதுசு போட்டா தீபாவளிக்கு அப்புத்தளை அக்கா வீட்டுக்கு நானே ஓட்டிட்டுப் போவேன்."

"ஆமாங்க."

15, புதன்

பள்ளிக்கூடம் விட்டு பதுளைக்கு பஸ். தெமோதரையிலிருந்து நின்றபடியே. தீபாவளிக் கூட்டம். பெட்டரிக் கடையில் மூன்று காட்டினார்கள்.

– தண்ணீர் ஊற்றும் சாதா. மலிவு.
– மூடிய ரகம். இந்தக் காருக்கு அதுதான் பொருத்தம் என்று படித்தேன்.
– வேறொரு காரில் கழற்றியது. "நல்லாத்தான் இருக்கு டீச்சர்." கடை முதலாளிக்கு எல்லாமே நல்லாத்தான் இருக்கிறது.

பழையதைப் படம் எடுத்துப் போயிருந்தேன். அளவு சரியா, பிளஸ் முனை எந்தப் பக்கம் என்று கேட்டேன். "டேய், டீச்சர் நமக்குப் பரீட்சை வைக்கிறாங்க" என்று முதலாளி உள்ளே பார்த்துச் சிரித்தார்.

வாங்காமல் வந்தேன். வீட்டில், ஸ்டொக் இல்லை என்றேன். பொய்.

பெட்டரி கெட்டிருக்கும்வரை பழி பெட்டரிக்கு. புதிது வந்தால் மிச்சம் அவர் கால்தான்.

16, வியாழன்

கால் பயிற்சிக்கு வரும் பெண், வாசலில், குரலைத் தணித்து: "அந்தக் கால் இதுக்கு மேல வர்றது கஷ்டம் டீச்சர். சார்கிட்ட நீங்கதான் சொல்லணும்."

ஏன் நான்?

மாத்திரை, மிளகாய்த்தூள், குளியலறை பல்பு வாங்க வேண்டும்.

மாலையில் ஷெட்டுக்குப் போனேன். ரேடியோகூட இல்லாத காரில் உட்கார்ந்து, இடது கையால் ஸ்டியரிங்கை ஈரத்துணி போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். திரும்பிவிட்டேன். இரண்டு நாளாக இதைத்தான் காப்பாற்றுகிறேனா?

18, சனி

கொஞ்சம் வெயில், பிறகு பனி மூட்டம். காலையில் போய் மூடிய ரகத்தையே வாங்கினேன். முதலாளியே கூட வந்து காரில் பூட்டினார். பிரேக்கை மிதித்துப் பொத்தானை அழுத்தினார். பச்சை விளக்கு, கார் ஸ்டார்ட். "இனிப் பயமில்ல சார். தீபாவளிக்கு எனக்கு முறுக்கு மட்டும் அனுப்புங்க." ஓஃப் செய்துவிட்டுப் போனார்.

பிறகு அவர் ஏறினார். வலது காலைக் கையால் தூக்கி பிரேக்கின் மேல் வைத்தார். அழுத்தினார். கழுத்து நரம்பு புடைத்தது. பொத்தான். பச்சை வரவில்லை, ரேடியோ மட்டும். மறுபடி. மறுபடி.

"ஏமாத்திட்டான்" என்றார், என்னைப் பார்க்காமல். "இதுவும் வீக் பெட்டரிதான்."

"ஆமாங்க. தீபாவளி முடியட்டும். மாத்திக் கேக்குறேன்."

ரேடியோவில் பட்டாசு விளம்பரம். துல்லியமாகக் கேட்டது.