ஒருத்தி வந்தாலும் பயிற்சி நடக்க வேண்டும்

அனுப்புநர்:
சு. சௌந்தரம்,
நகல் எழுத்தர்,
கதவு எண் 14-ஏ, கீழ வீதிப் பின்புறம்,
சிதம்பரம்.

பெறுநர்:
உயர்திரு. கலெக்டர் அவர்கள்,
மாவட்ட விளையாட்டுக் குழுத் தலைவர்,
தென்னாற்காடு மாவட்டம்,
கடலூர்.

பொருள்: மேஜைப் பந்து – பெண்களுக்கான ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சி நிறுத்தப்பட்டது – மீண்டும் நடத்த உத்தரவிடக் கோருவது குறித்து.

பார்வை: 1. புதுநகர் மாலைநேர விளையாட்டுக் கழகச் செயலாளருக்கு நான் எழுதிய 14-3-1967 தேதியிட்ட கடிதம்.
2. மேற்படி கழகத்தின் அறிவிப்புப் பலகையில் 18-6-1967 அன்று ஒட்டப்பட்ட ஆண்டறிக்கை.

மதிப்பிற்குரிய ஐயா,

வெள்ளமும் பஞ்சமும் பார்க்கும் தங்கள் அலுவலகத்துக்கு ஒரு மட்டையையும் பந்தையும் பற்றி மனு எழுதுவது சரிதானா என்று பலமுறை யோசித்தேன். ஆறு தாள்களைக் கிழித்துப் போட்ட பிறகு இதை எழுதுகிறேன். தயவுசெய்து கடைசிவரை படிக்க வேண்டுகிறேன்.

1. எனக்கு வயது முப்பத்தெட்டு. பிறந்தது கடலூர் தேவனாம்பட்டினம். என் தகப்பனார் காலஞ்சென்ற சுப்புராயன் கடலில் மீன் பிடித்தவர். எங்கள் தெருவில் எஸ்.எஸ்.எல்.சி. தேறிய முதல் பெண் நான்தான். பதினான்கு ஆண்டுகளாகச் சிதம்பரத்தில் பத்திரங்களுக்கு நகல் எழுதும் வேலையில் இருக்கிறேன். 1958-ல் என் கணவர் விஷக்காய்ச்சலில் இறந்துபோனார். பிள்ளைகள் இல்லை. ஓர் அறையை வாடகைக்கு எடுத்துத் தனியே வசிக்கிறேன். தம்பி ஆண்டியும் அவன் மனைவி சின்னம்மாளும் தேவனாம்பட்டினத்தில் இருக்கிறார்கள். நான் உத்தியோகத்துக்குப் போன நாளிலிருந்து, அங்கே போனால் பக்கத்து வீட்டில் நாற்காலி இரவல் வாங்கிவந்து என்னை உட்கார வைக்கிறார்கள். அன்புக்குக் குறைவில்லை. ஆனால் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவளிடம் யாரும் தெருக்கதை பேசுவதில்லை.

2. 1964-ல் சிதம்பரத்தில் ஊழியர் மனமகிழ் மன்றம் ஒன்றில் மேஜைப் பந்து மேஜை வாங்கிப் போட்டார்கள். அலுவலகம் முடிந்ததும் நான் அங்கே போய்ப் பத்திரிகை படிப்பது போல் உட்கார்ந்து ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அங்கு ஆடவந்த சவரியம்மாள் என்ற நர்ஸ் ஒருநாள் என் கையில் மட்டையைக் கொடுத்து, "சும்மா குந்திக்கினு இருக்கறதுக்கு ஒரு கை புடிங்கக்கா" என்றாள். என் கணவர் இறந்த பிறகு என்னை யாரும் எதற்கும் கூப்பிட்டது அதுவே முதல் தடவை. புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஆடினேன். ஒரு பந்தும் மேஜையில் விழவில்லை. மறுநாளும் போனேன்.

3. மாவட்ட விளையாட்டுக் குழுவின் உதவியோடு கடலூர் புதுநகர் கழகத்தில் 3-10-1965 முதல் ஞாயிறுதோறும் மாலை மூன்றிலிருந்து ஐந்து வரை பெண்களுக்குப் பயிற்சி தொடங்கிற்று. சேர்ந்தவர்கள் நானும் சவரியம்மாளும் மட்டுமே. பயிற்சியாளர் திரு. சபாபதி நெல்லிக்குப்பத்துக்காரர், ஆலைத் தொழிலாளியின் மகன். என்னைவிடப் பதினோரு வயது இளையவர். முதல் நாள் அரை மணி நேரம் எங்களை ஆடவிட்டுப் பார்த்தார். பிறகு என் குறைகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். ஃபோர்ஹேண்ட் என்னும் வலப்பக்க அடியைத் தோளிலிருந்து வீசுகிறேன். பந்து என்னைத் தாண்டிய பிறகு தொடுகிறேன். பாரம் முழுவதும் குதிகாலில் நிற்கிறது. பேக்ஹேண்ட், அதாவது இடப்பக்க அடி என்று ஒன்று என்னிடம் இல்லவே இல்லை. இடப்பக்கம் வரும் பந்துக்கும் ஓடிப்போய் வலப்பக்க அடியையே அடிக்கிறேன்.

4. அவர் கற்றுக்கொடுத்த முறையைத் தாங்கள் அறிய வேண்டும். என் கைக்குட்டையை மடித்து அக்குளில் வைத்துக்கொள்ளச் சொன்னார். அது கீழே விழாமல் ஃபோர்ஹேண்ட் அடிக்க வேண்டும். விழுந்தால் முழங்கை வெளியே போய்விட்டது என்று அர்த்தம். முதல் மாதம் முழுவதும் பந்தைவிடக் கைக்குட்டையைத்தான் அதிகம் பொறுக்கினேன். வலக்காலைச் சற்றுப் பின்வைத்து, இடுப்பைத் திருப்பி, உடம்போடு கையைக் கொண்டுவரும் பழக்கம் பொங்கலுக்குப் பிறகுதான் வந்தது. பேக்ஹேண்ட் இன்னும் கஷ்டமாயிருந்தது. மட்டையை வயிற்றுக்கு முன்னே வைத்து, முழங்கை அசையாமல், கதவு திறப்பது போல் முன்னங்கை மட்டும் திறக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் எழுதிய என் மணிக்கட்டோ இரும்பாக இறுகிக்கிடந்தது. அதைப் பார்த்து அவர், "பேனாவப் புடிக்கிற மாதிரி புடிக்காதீங்கம்மா. மட்ட எங்கயும் ஓடிப்பூடாது" என்றார். பிறகு வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று என்று மாறி மாறிப் போட்டார். எங்கே வரும் என்று தெரியாமல் நடுவிலும் போட்டார். ஒவ்வொரு அடிக்கும், "சௌந்தரம்மா, முழங்கை. சௌந்தரம்மா, காலு" என்று குரல் கொடுப்பார். சனிக்கிழமை அலுவலகம் மூடியதிலிருந்து திங்கட்கிழமை திறக்கும்வரை என் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேறு யாருமில்லை என்பதையும் இந்த இடத்தில் தெரிவித்துக்கொள்கிறேன்.

5. 11-12-1966 அன்று நடந்த கடலூர்ப் போட்டியில் முதல் சுற்றிலேயே தோற்றேன். மூன்றாவது ஆட்டம் இருபத்தொன்றுக்குப் பதினேழு. அந்தப் பதினேழில் ஐந்து பேக்ஹேண்டில் எடுத்தவை. திரு. சபாபதி அவற்றைத் தனியே குறித்து வைத்திருந்தார். தோற்றுவிட்டு அவ்வளவு சந்தோஷமாக நான் பஸ் ஏறியதில்லை. வரும் செப்டம்பரில் அடுத்த போட்டி.

6. ஜனவரி கடைசியில் சவரியம்மாளுக்கு மதுரைப் பக்கம் மாற்றலாகிவிட்டது. பிப்ரவரியில் ஒரு கடிதம் போட்டாள். அங்கே மேஜை இல்லையாம்.

7. 5-2-1967 அன்று நான் மட்டும் போனேன். கழகச் செயலாளர் திரு. சக்கரபாணி விதி பதினொன்றைப் படித்துக் காட்டினார். பெண்களுக்கான நேரத்தில் இரண்டு பேருக்குக் குறையாமல் வந்தால்தான் பயிற்சி நடத்தலாம் என்பது அந்த விதி. கதவைத் திறந்தே வைக்கலாம், உறுப்பினர்கள் யாரேனும் கூடவே உட்காரலாம், ஆண்களுக்கான நேரத்தில் கடைசி மேஜையில் கால் மணி கொடுத்தாலும் போதும் என்று பலவாறு கேட்டுப் பார்த்தேன். அவர் குரலை உயர்த்தவில்லை. "நீங்க ஒத்த ஆளா வந்துபோனா ஊரு எங்களத்தாம்மா கேக்கும்" என்றார். அவர் சொன்னது கழகத்தின் பெயரைப் பற்றி மட்டுமல்ல என்பது எனக்குப் புரிந்தது. என் 14-3-1967 கடிதத்துக்கு இன்றுவரை பதில் இல்லை.

8. இரண்டாவது பெண்ணைத் தேடி அலைந்தேன். சிதம்பரத்தில் ரத்தினம்மாள் என்ற ஆசிரியை ஒரு ஞாயிறு வந்தார். மறு ஞாயிறு அவர் வீட்டில் ஒப்பவில்லை. எனக்குத் தெரிந்த மற்ற பெண்கள் நான் சொல்வதை முழுக்கக் கேட்டுவிட்டு, இந்த வயதில் எதற்கு என்று பரிவோடு கேட்டார்கள். பரிவோடு கேட்டதால் பதில் சொல்வது இன்னும் சிரமமாக இருந்தது.

9. கடைசியில் தம்பி மனைவி சின்னம்மாளிடம் சொன்னேன். அவள் கடலூரில் கூடையில் மீன் விற்பவள். 9-4-1967 அன்று நண்பகலுக்குள் வியாபாரத்தை முடித்து, குளித்து, திருவிழாப் புடவை கட்டிக்கொண்டு என்னோடு வந்தாள். திரு. சபாபதி எந்தத் தயக்கமுமின்றி அவள் கையில் மட்டையைக் கொடுத்து நிற்கும் முறையைச் சொன்னார். முதல் மூன்று பந்துகளை விட்டாள். நான்காவதை அவள் அடித்த அடியைப் பயிற்சியாளராலேயே எடுக்க முடியவில்லை. மூவரும் சிரித்துவிட்டோம். அந்த மண்டபத்தில் நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான்.

அப்போது செயலாளரும் இரண்டு உறுப்பினர்களும் உள்ளே வந்தார்கள். ஆட்டம் நடக்கும்போது ஜன்னல்களைச் சாத்தி வைப்பது அங்கே வழக்கம். காற்றடித்தால் பந்து விலகும். செயலாளர் அவளிடம் என்ன தொழில் என்று கேட்டார். மீன் விற்பதாகச் சொன்னாள். அவர் உறுப்பினர்களைப் பார்த்து ஜன்னல்களைத் திறந்துவிடச் சொன்னார். எல்லா ஜன்னல்களையும் திறந்தார்கள். அதற்குமேல் பந்து மேஜையில் நிற்கவில்லை. என்னைத் தனியே அழைத்து, "நாலு பெரிய மனுஷங்க வந்துபோற எடம்மா. கொஞ்சம் யோசிக்க வேணாமா?" என்றார். அவளுடைய உறுப்பினர் படிவம் கமிட்டி முடிவுக்குப் போகும் என்றார். முடிவு இன்னும் தெரியவில்லை.

திரும்பும் வழியில் சின்னம்மாள், "என்னால உங்களுக்கும் கெட்டுப்போச்சா அண்ணி?" என்று கேட்டாள். இல்லை என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். தெருமுனையில் அவளை விட்டுவிட்டு, வீட்டுக்குள்ளும் போகாமல் பஸ் ஏறிவிட்டேன். அதற்காக இன்றும் வெட்கப்படுகிறேன். அதற்குப் பின் இரண்டு மாதத்துக்கு மேல் நான் தம்பி வீட்டுக்குப் போகவில்லை.

10. அறையில் சுவரில் பந்தை அடித்துப் பழகினேன். வீட்டுக்காரர் திரு. உத்திராபதி சத்தம் தாங்கவில்லை என்றார்; நிறுத்திவிட்டேன். சுவர் நான் அடித்த இடத்துக்கே பந்தைத் திருப்பித் தருகிறது. எதிர்பாராத பக்கம் போடாது. முழங்கை விலகினால் சொல்லாது. என் பேக்ஹேண்ட் இப்போது பழையபடி கெட்டுவருவது எனக்கே தெரிகிறது. திருத்தத் தெரியவில்லை.

11. ஆயினும் ஞாயிறுதோறும் கடலூர் போகிறேன். மூன்று மணி முதல் ஐந்து மணி வரை கழகத்து வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே ஆண்கள் ஆடுகிறார்கள். சத்தத்தைக் கேட்டே எந்தப் பக்க அடி, மட்டையின் நடுவில் பட்டதா ஓரத்தில் பட்டதா என்று சொல்லிவிடுவேன். யாரும் என்னைப் போகச் சொன்னதில்லை. உள்ளே வரச் சொன்னதுமில்லை. திரு. சபாபதி மீது எனக்கு எந்தக் குறையும் கிடையாது. தமக்கு உத்தரவு வந்தால் ஒருவருக்கானாலும் சொல்லிக்கொடுக்கத் தயார் என்று அவர் என்னிடம் தெரிவித்திருக்கிறார்.

12. சென்ற ஞாயிறு, 18-6-1967 அன்று, ஆண்டறிக்கையை ஒட்டியிருந்தார்கள். அதில் மகளிர் பிரிவைப் பற்றி ஒரே வரி: "பெண்களிடையே ஆர்வம் இல்லாமையால் இப்பிரிவை மூடிவிடலாம்." அந்த அறிக்கையின் எதிரில் நின்று நாலைந்து தடவை படித்தேன். எழுத்தில் ஏறிவிட்ட ஒன்றை மாற்றுவது எவ்வளவு கடினம் என்பது என் வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும். இன்னும் இருபது ஆண்டு கழித்துப் பார்ப்பவர்கள் இந்த ஊர்ப் பெண்கள் யாரும் வரவில்லை என்றே நம்புவார்கள்.

13. எனவே, ஒருவர் வந்தாலும் பெண்களுக்கான பயிற்சி நடக்கும்படி விதி பதினொன்றைத் தளர்த்த உத்தரவிடுமாறும், சின்னம்மாளின் படிவத்தின் மீது முடிவைத் தெரிவிக்கச் செய்யுமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இரண்டுமே இயலாது போனால், அந்த ஒரு வரியையாவது நீக்கச் சொல்லுங்கள். ஆர்வம் இல்லை என்பது பொய்.

14. இதுவரை எழுதி மடித்து வைத்திருந்தேன். இன்று, சனிக்கிழமை பிற்பகல், நான் வீட்டுப் பக்கமே வராததால் தேடிக்கொண்டு சின்னம்மாள் தனியாகப் பஸ் ஏறிச் சிதம்பரம் வந்தாள். என் அறைக்கு அவள் வந்தது இதுவே முதல் தடவை. தரையில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். தெருவில் நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள். இந்த மனுவைப் பற்றிச் சொன்னேன்; படிக்கச் சொல்லிக் கேட்டாள். ஜன்னல்களைத் திறந்த இடத்தை விட்டுவிட்டுப் படித்தேன். அவள் நிறுத்தி, அதையும் படிக்கச் சொன்னாள். படித்தேன். "எம் பேரையும் போடுங்க அண்ணி. மீன் விக்கிறவன்னே எழுதுங்க" என்றாள். அவள் சொன்னபடியே கீழே எழுதியிருக்கிறேன்.

நாளை மாலை மூன்று மணிக்கு நாங்கள் இருவரும் கழகத்துக்குப் போகிறோம். கதவு திறக்குமா என்பது எங்களுக்குத் தெரியாது. தாங்கள் விசாரிக்கத் தங்கள் அலுவலகத்திலிருந்து யாரை எந்த ஞாயிறு அனுப்பினாலும் எங்களை அங்கே காணலாம்.

தங்கள் நல்ல உத்தரவுக்குக் காத்திருக்கும்,

இடம்: சிதம்பரம்
நாள்: 24-6-1967

(ஒப்பம்) சு. சௌந்தரம்,
நகல் எழுத்தர்.

(இடது பெருவிரல் ரேகை) ஆண்டி மனைவி சின்னம்மாள்,
மீன் விற்பவள், தேவனாம்பட்டினம்.