பழைய முறையில் பேசிய சுவிட்சுகள்

அன்புள்ள அப்பாவுக்கு,

வினோலியா வணக்கத்துடன் எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? நான் சுகமாக இருக்கிறேன். போனில் சொன்னால் பதறுவீர்கள் என்று இதை எழுதுகிறேன்.

இந்த மஸ்கட் ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர்களை இணைக்கும் சுவிட்சுகளை ஒவ்வொன்றாகப் புதிய முறைக்கு மாற்றினோம். ஒரு கேபிள் அறுந்தால் உடனே மாற்றுவழியைத் திறப்பது புதிய முறை. ஆனால் பக்கத்துச் சுவிட்ச் பழைய முறையில் இருந்தால், புதியதும் அதனோடு மெதுவாகவே பேசும். இரண்டும் மாறிய பிறகும், நாம் மறுபடி சொல்லும்வரை அப்படியேதான் பேசிக்கொண்டிருக்கும். இது எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

நேற்று ஒரு கேபிள் அறுந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் நோயாளிகளின் நாடித்துடிப்பைக் காட்டும் திரை அரை நிமிடம் இருண்டது. ஒட்டன்சத்திரத்துக்காரரான நர்ஸ் நாகஜோதி, கட்டில் கட்டிலாக ஓடி நாடி பார்த்தார். எல்லோரும் நலம்.

காரணம் புரிந்ததும், அந்தக் கேபிளின் இரு முனையிலும் இருந்த சுவிட்சுகளுக்குப் புதிய முறையிலேயே பேசும்படி கட்டளை கொடுத்தேன். நாகஜோதியிடம் சொல்லிவிட்டு, நானே ஒரு கேபிளைப் பிடுங்கினேன். திரை அணையவில்லை.

"இப்பச் சரியா இருக்குதுங்க. போய்ச் சாப்பிடுங்க" என்றார்.

ஒரு சின்ன உதவி அப்பா. ஞாயிற்றுக்கிழமை பேசி முடித்ததும் போனை வைத்துவிடாதீர்கள். அடுப்படியில் சாய்த்து வையுங்கள். நீங்கள் பேச வேண்டாம், வெஞ்சனம் தாளிக்கிற சத்தம் கேட்டால் போதும்.

வேலைக்குக் கூட்டிப்போகிற வேன் வந்துவிட்டது.

வினோலியா