எந்த டம்ளரில் ஐந்து?

15 ஏப்ரல் 1991, திங்கள்

சென்னை பஸ்காரன் இன்றைக்கும் சுங்குவார்சத்திரத்தில் நிற்காமல் போனான். அடுத்ததில் தொத்திக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது கூட்டம் ஆரம்பித்து இருபது நிமிடம் ஆகியிருந்தது. முதல் நாளே "லேட் கங்கா" என்று பெயர். வைத்துக்கொள்ளட்டும்.

எட்டு வாரக் கோடைக்கால ஆராய்ச்சிப் பயிற்சி. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றும் இங்குள்ள மருத்துவத் துறையும் சேர்ந்து நடத்துவது. பி.எஸ்ஸி. படிக்கிற பன்னிரண்டு பேர், ஆளுக்கு ஒரு வழிகாட்டி. எனக்கும் ஷெர்லினுக்கும் டாக்டர் ரத்னா மேடம். குழந்தைகளுக்குப் பேதியானால் தாய்மார்கள் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை எப்படிக் கரைத்துக் கொடுக்கிறார்கள் என்பதுதான் எங்கள் தலைப்பு. ஊர்கள் எல்லாம் எங்கள் பக்கம்: வல்லக்கோட்டை, ஒரகடம், தண்டலம்.

"உங்க ஊர்ப் பக்கம்கறதாலதான் உன்னை எடுத்தோம்" என்றார் மேடம். மார்க்குக்காக இல்லையாம். எதற்காக எடுத்தால் என்ன, நான் விடப்போவதில்லை. நன்றாக முடித்தால் இந்தத் துறையில் எம்.எஸ்ஸி. சேர மேடம் சிபாரிசுக் கடிதம் தருவார். அந்தக் கடிதம் இல்லாமல் எங்கள் காலேஜிலிருந்து யாருக்கும் அங்கே சீட் கிடைத்ததில்லை.

19 ஏப்ரல், வெள்ளி

செய்முறைப் பயிற்சி. ஒரு பொட்டலம், ஐந்து டம்ளர் தண்ணீர். கண்ணாடி டம்ளரில் ஊற்றி, கரைத்து, ஸ்பூனால் கொடுக்கிற மாதிரி நடித்துக் காட்டினேன். மேடம் கை தட்டினார். கேள்வித்தாளில் பதினான்காவது கேள்வி: "எத்தனை டம்ளரில் கரைத்தீர்கள்?" ஐந்து என்றால் சரி. வேறு எண் என்றால் தப்பு.

26 ஏப்ரல், வெள்ளி

வல்லக்கோட்டை. முதல் வீடே பாஞ்சாலி அக்கா வீடு. பெரியம்மா மகள். அவள் பிள்ளை லோகேஷுக்குப் பத்து மாதம், தவழ்ந்து வந்து என் கேள்வித்தாளைத் தின்னப் பார்த்தான்.

கரைக்கும் முறையைச் சொல்லிக் கொடுத்தேன். "இன்னாடி, உப்புத் தண்ணி கலக்கறதுக்கு காலேஜெல்லாம் போய் படிக்கணுமா?" என்று சிரித்தாள். ஆனாலும் ஐந்து விரலை மடக்கி ஒப்பித்தாள். சரி என்று குறித்தேன்.

4 மே, சனி

வெயில். செருப்பு அறுந்தது. ஒன்பது வீடு.

11 மே, சனி

எண்பத்தேழு வீடு முடிந்தது. ஒன்று உறுத்துகிறது. ஐந்து டம்ளர் என்று சரியாகச் சொல்கிறவர்கள்தான் இரண்டாவது வேளையோடு நிறுத்திவிடுகிறார்கள். ஏன் என்று கேட்டால், "கொழந்தை துப்புது", "வாயிலயே வெக்க மாட்டேங்குது", "குடிச்சா இன்னும் வாந்திதான்".

ஏன் நிறுத்தினீர்கள் என்பதற்குக் கேள்வித்தாளில் மூன்றே பதில்: மறதி, நேரமின்மை, அலட்சியம். துப்பியது என்று ஒரு கட்டம் கிடையாது. ஷெர்லின் எல்லாவற்றையும் அலட்சியத்தில் போடுகிறாள்.

"பத்து தடவ துப்பினாலும் குடுக்கணும். குடுக்கலேன்னா அலட்சியம்தானேடி?"

"உனக்குப் பிள்ளை பொறக்கட்டும், அப்ப பேசு" என்றேன். மதியம் அவள் தெருவின் அந்தப் பக்க வீடுகளுக்குத் தனியாகப் போனாள். நான் இந்தப் பக்கம்.

22 மே, புதன் — வல்லக்கோட்டை

நேற்று ராத்திரி ஸ்ரீபெரும்புதூரில் நடந்ததை நான் இங்கே எழுதப்போவதில்லை. நாடே எழுதிக்கொண்டிருக்கும். வேலைக்காக நேற்றே அக்கா வீட்டில் தங்கினேன், இங்கேயே மாட்டிக்கொண்டேன். பஸ் இல்லை, கடை இல்லை, ரோட்டில் ஆள் இல்லை.

லோகேஷுக்குக் காலையிலிருந்து பேதி. என் பையில் பொட்டலம் இருந்தது நல்லதாய்ப் போயிற்று. நானே என் கையால் கரைத்தேன். ஐந்து டம்ளர், எண்ணி ஊற்றினேன்.

துப்புகிறான்.

23 மே, வியாழன்

துப்பத் துப்பக் கொடுத்தேன். ஷெர்லினிடம் சண்டை போட்ட நானே பிள்ளையின் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊற்றினேன். தண்ணீருக்காக வீறிட்டு அழுகிறான், இதைக் கொடுத்தால் வாந்தி. மத்தியானம் அழுகையும் நின்றது. கண் செருகியது. இரண்டாவது பொட்டலத்தையும் அப்படியே கரைத்துக் கொடுத்திருந்தேன்.

அக்கா வீட்டுக்காரர் தாண்டவராயன் மாமா சைக்கிளை எடுத்தார். பின்னால் அக்கா மடியில் பிள்ளை. நான் கூடவே ஓடினேன். இரண்டு இடத்தில் போலீஸ் நிறுத்தியது. என் பையைக் கொட்டி, கேள்வித்தாளை விரித்து, யாரைக் கணக்கெடுக்கிறாய் என்று கேட்டார்கள். அக்கா பிள்ளையைத் தூக்கிக் காட்டினாள். விட்டார்கள்.

ஒரகடத்தில் ஒரு டாக்டர் வீட்டுக் கதவைத் தட்டித் திறக்க வைத்தோம். குளுக்கோஸ் ஏற்றினார். பிறகு கேட்டார், "ஓ.ஆர்.எஸ். கொடுத்தீங்களா? எவ்ளோ தண்ணில?"

"அஞ்சு டம்ளர் சார்."

"எந்த டம்ளர்?"

அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். 

24 மே, வெள்ளி

பிழைத்துக்கொண்டான். பால் குடித்தான். இதை முதலில் எழுதிவிட வேண்டும்.

அக்கா வீட்டு டம்ளரைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பழைய புடவைக்குப் பாத்திரம் போடுகிறவன் கொடுத்தது. தகடு மாதிரி மெலிசு, உயரமும் கிடையாது. இந்தப் பக்கத்தில் தண்ணீரைச் சொம்பில் தூக்கிக் குடிப்போம். டம்ளர் டீக்குத்தான். முக்கால்வாசி வீட்டில் துணிக்கு வாங்கின இந்த டம்ளர்தான். நான் இதில்தான் டீ குடித்து வளர்ந்தேன். லேபில் அந்தக் கண்ணாடி டம்ளரைப் பிடித்துக் கைதட்டல் வாங்கியபோது இது ஏன் ஞாபகம் வரவில்லை? ஒரு வாய் நான் குடித்துப் பார்த்திருந்தால்கூடத் தெரிந்திருக்குமே. ஊர்க்காரி என்றுதானே என்னை எடுத்தார்கள்.

அக்காவிடம் சொன்னேன். என் தப்பு என்று சொன்னேன். 

"நீ சொன்னியேன்னுதான்டி நிறுத்தாம குடுக்க வுட்டேன்" என்றாள். திட்டியிருக்கலாம்.

27 மே, திங்கள் — வீடு

அப்பாவுக்குப் பால் சொசைட்டியில் அளக்கும் வேலை. சர்க்கார் முத்திரை போட்ட அளவுகள் வீட்டில் ஒரு செட் உண்டு: லிட்டரிலிருந்து ஐம்பது மில்லி வரை. அக்காவிடம் வாங்கி வந்த டம்ளரை அளந்தேன். லேபின் கண்ணாடி டம்ளரில் ஐந்து என்றால் ஒரு லிட்டர். இதில் ஐந்து ஊற்றினால் மொத்தம் அறுநூற்று ஐம்பது மில்லி, டம்ளருக்கு நூற்று முப்பது. லிட்டருக்கான உப்பு முழுக்க அதற்குள். கடலைக் கரைத்துக் கொடுத்திருக்கிறேன் பிள்ளைக்கு.

அப்பா எட்டிப் பார்த்தார். "படிச்சவங்க டம்ளர்லயா அளக்கறாங்க? எங்க சொசைட்டில டம்ளர்ல பால் ஊத்துனா மூஞ்சிலயே ஊத்திட்டுப் பூடுவாங்க."

அளவுகளைப் பையில் போட்டுக்கொண்டேன். "ஆடிட் வர்றதுக்குள்ள குடுத்துடு" என்றார்.

30 மே, வியாழன்

பஸ் ஓடுகிறது. மேடத்தைப் பார்த்தேன். வெளிநாட்டுப் பேராசிரியர் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டாராம். பேதி எங்கேயும் போகவில்லை.

எல்லாம் சொன்னேன். மேடம் பொறுமையாகத்தான் கேட்டார். "கங்கா, இது அங்க அப்ரூவ் ஆன கேள்வித்தாள். பாதியில மாத்தினா எல்லா டேட்டாவும் வீண். நீ டிரெயினி. குடுத்ததை முடி. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"அந்தப் பொம்பளைங்கள அலட்சியம்னு எழுதறமே மேடம்."

"ரிப்போர்ட்ல குறைபாடுகள்னு ஒரு பத்தி வரும். அதுல ஒரு வரி போடலாம்."

ஒரு வரியாம். லோகேஷின் கண் செருகினது ஒரு வரி. அளக்கக் கூடாது என்று கடைசியில் நேராகவே சொன்னார். சிபாரிசுக் கடிதத்தையும் ஞாபகப்படுத்தினார், சிரித்துக்கொண்டே.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யோசித்தேன். சீட் வேண்டும் எனக்கு. ரொம்ப வேண்டும். ஆனால் போய் அளப்பேன். என்ன செய்வார்கள், தூக்கிலா போடுவார்கள்?

3 ஜூன், திங்கள்

பதினேழு வீடு. ஷெர்லின் வரமாட்டேன் என்றாள். போகட்டும்.

ஒரு டம்ளர் நூற்று இருபது, ஒன்று நூற்று நாற்பது. இருநூறு வந்தது ஒரே வீட்டில், அது வாத்தியார் வீடு. அளந்துவிட்டுச் சும்மா வர மனசில்லை. ஒவ்வொரு வீட்டிலும் பெரிய சொம்பை வாங்கி, முத்திரை அளவில் ஒரு லிட்டர் ஊற்றி, தண்ணீர் நிற்கிற இடத்தில் ஆணியால் கோடு போட்டேன். ஒரு பொட்டலத்துக்கு இந்தக் கோடு வரை தண்ணீர். டம்ளரை மறந்துவிடுங்கள்.

கனகம் என்று ஓர் அம்மாள், "சீர் கொடுத்த சொம்புல கோடு கிழிக்கிறியே, என் மாமியார் உன்ன வுட மாட்டா" என்றாள். பிறகு அவளே பேர் வெட்டியிருக்கிற பக்கம் திருப்பிக் கொடுத்தாள். "பேருக்குக் கீழ போடு. அப்பதான் எவளும் மாத்தி எடுத்துக்கினு போவ மாட்டா."

7 ஜூன், வெள்ளி

அறுபத்தொரு வீடு. கடைசி நான்கு வீட்டுக்கு ஷெர்லின் வந்தாள். நான் கோடு போடச் சொம்பைப் பிடித்துக்கொண்டாள். 

அப்பா அளவைக் கேட்டார். அடுத்த வாரம் என்றேன்.

10 ஜூன், திங்கள்

நிறைவுக் கூட்டம். மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

எங்களுக்கு ஐந்து நிமிடம். துறைத் தலைவர், டாக்டர்கள், மற்ற பத்துப் பேர். மேடம் எழுதிக் கொடுத்த தாளை நான் வாசிக்க வேண்டும். முதல் வரி: "கரைசலை இடையில் நிறுத்திய தாய்மார்களில் பெரும்பான்மையினர் அலட்சியத்தால் நிறுத்தினர்." வாசித்தேன். தாளை மடித்து வைத்தேன். பையிலிருந்து பாஞ்சாலி அக்கா டம்ளரை எடுத்தேன். பக்கத்தில் லேபின் கண்ணாடி டம்ளர். நடுவில் பால் நாற்றம் அடிக்கிற அப்பாவின் அளவுகள். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

ஒரு பொட்டலத்தைப் பிரித்து, அக்கா டம்ளரால் ஐந்து ஊற்றிக் கரைத்தேன். "கேள்வித்தாள்படி இது சரியான விடை" என்றேன். துறைத் தலைவர் முன்னால் அரை டம்ளர் வைத்தேன். "ஒரு வாய் குடிங்க சார்."

மேடம் "கங்கா" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. அதற்குள் துறைத் தலைவர் குடித்துவிட்டார். முகம் கோணியது. கைக்குட்டையை எடுத்துத் துப்பினார்.

"அலட்சியம்னு எழுதிக்கட்டுமா சார்?" என்று கேட்டேன்.

யாரும் சிரிக்கவில்லை. அப்புறம் அறுபத்தொரு வீட்டுக் கணக்கையும் வாசித்தேன். லோகேஷுக்கு நான் செய்ததையும் சொன்னேன்.  ஐந்து நிமிடத்துக்குப் பதினான்கு நிமிடம் எடுத்துக்கொண்டேன். பெயருக்கேற்ற மாதிரி லேட்.

11 ஜூன், செவ்வாய்

சான்றிதழில் "கலந்துகொண்டார்" என்று மட்டும் இருக்கிறது. மற்ற பதினொரு பேருக்கும் "சிறப்பாக நிறைவு செய்தார்". கடிதம் கிடையாது.

14 ஆகஸ்ட், புதன்

அக்கா லோகேஷைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நிற்கிறான், ஓரடி வைக்கிறான். என்னிடம் வரச் சொன்னால் அழுகிறான். மூக்கைப் பிடித்தது ஞாபகம் இருக்குமோ? "கொழந்தைக்கு இன்னாடி தெரியும்" என்கிறாள். எனக்குத் தெரியுமே.

அப்பா அளவைக் கேட்டார். கொடுக்க மனம் வரவில்லை.

16 நவம்பர், சனி

ஷெர்லின் ரிப்போர்ட்டைக் கொண்டுவந்தாள், வழவழ அட்டையில். ஒன்பதாம் பக்கம்: "வீட்டு டம்ளர்களின் கொள்ளளவு அறுபத்தொரு வீடுகளில் ஆய்வுக் குழுவால் அளக்கப்பட்டது. டம்ளர் கணக்கில் கரைக்கச் சொல்வது கைவிடப்பட வேண்டும்." அலட்சியம் என்ற சொல் எங்கும் இல்லை, இரண்டு முறை தேடினேன். கடைசிப் பக்கத்தில் பெயர்கள். பதினொன்று.

பரவாயில்லை என்று எழுதினால் பொய். வயிறு எரிகிறது. "என் பேர அடிச்சுட்டு உன் பேர எழுதித் தரட்டா?" என்று பேனாவை எடுத்தாள் ஷெர்லின். வேண்டாம் என்றேன். எம்.எஸ்ஸி.க்குக் கடிதம் இல்லாமலே போடப்போகிறேன். எடுக்காவிட்டால் ஏன் என்று எழுத்தில் கேட்பேன். அதற்கு அடுத்த வருஷமும் போடுவேன்.

18 நவம்பர், திங்கள்

தண்டலத்தில் உறவுக்காரர் வீட்டில் காதுகுத்து. நான் கணக்கெடுத்த வீடு இல்லை, அந்தத் தெருவுக்கே நான் போனதில்லை. மழை விட்ட நேரம், பாதிப் பிள்ளைகளுக்குப் பேதி. தாகத்துக்குச் சொம்பு கொடுத்தார்கள். தூக்கினேன். பேர் வெட்டியதற்குக் கீழே ஒரு கோடு.

"இது யாரு போட்டதுக்கா?"

"நான்தான்" என்றாள் அந்த வீட்டுப் பெண். "எங்க ஓர்ப்படி பொறந்த வூடு வல்லக்கோட்டை. அவ சொம்புல கோடு கீது. அதுல கோடு வரிக்கும் ரொப்பி இதுல ஊத்துனேன், நின்ன எடத்துல ஆணியால கிழிச்சேன். அப்டியே இந்தத் தெருவுல எட்டு வூட்டுக்குப் போட்டுக் குடுத்தேன். ஏன், உனுக்கும் வோணுமா?"

யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டேன்.

"யாரோ காலேஜ் பொண்ணாம். பேரு தெரியல."

லிட்டர் அளவு ஜூன் மாதத்திலிருந்து என் பையிலேயே கிடக்கிறது. குழாயடியில் போய் நிரப்பி அந்தச் சொம்பில் ஊற்றினேன். அவள் என்னைப் பைத்தியம் மாதிரி பார்த்தாள். தண்ணீர் கோட்டைத் தொட்டு நின்றது.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் அளவைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.